நடக்காத விபத்துக்கு ஒரு நேர்த்திக்கடன்

ஆவணி கடைசி ஞாயிற்றுக்கிழமையில் பொன்னமராவதிப் பக்கம் ஒரு மண்டபமும் காலியாக இருக்காது. புரட்டாசி பிறந்துவிட்டால் கிடா வெட்ட முடியாது என்பதால், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த காதுகுத்தெல்லாம் அந்த ஒரு நாளில் வந்து விழும். என் மனைவியின் தங்கை வீட்டுக் காதுகுத்தும் அப்படித்தான் அந்த ஞாயிறில் வந்தது. அதே ஞாயிறில் என் மகளுக்குப் பந்தயம். இரண்டும் முட்டுகின்றன என்று ஒரு மாதம் முன்பே சொன்னேன். தேதி விஷயத்தில் நான் சொல்வதை வீட்டில் யாரும் மறுப்பதில்லை. கேட்பதும் இல்லை.

மகளின் பந்தயம் வீட்டுக்குள்ளேயே நடப்பது. அவள் சென்னை மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு ஆலங்குடி வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்கிறாள். வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு ஸ்டியரிங்கும் மூன்று பெடல்களும் வாங்கினாள். கஜா புயலில் சாய்ந்த பலாமரத்துப் பலகை பரணில் கிடந்தது. அதில் ஆசாரி ஒரு சட்டம் அடித்துக் கொடுத்தார். உடைப்புக்குப் போன வேன் ஒன்றிலிருந்து சீட் வந்தது. எதிரே பெரிய திரை. உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள் என்றால் வாசலில் தேங்காய் லாரி வந்து ஹாரன் அடித்தாலும் திரும்ப மாட்டாள்.

கேம் என்று நான் சொன்னால் திருத்துவாள். "சிமுலேட்டர்ப்பா. நெசமா இருக்குற தடத்த லேசர் வச்சு அளந்து அப்படியே உள்ள வச்சிருக்காங்க. ரோட்டுல ஒட்டுப் போட்டிருந்தா அதுகூட ஸ்டியரிங்ல தெரியும்." நானும் சும்மா இருக்கவில்லை. நூலகத்திலும் இணையத்திலும் தேடிப் படித்தேன். விமானிகள் இப்படித்தான் தரையில் உட்கார்ந்து பறக்கப் பழகுகிறார்கள். பெரிய பந்தயக்காரர்களும் புதிய தடத்துக்குப் போகும் முன் இதில்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள். இதில் ஓட்டிப் பழகி நிஜக் காருக்குப் போனவர்களும் உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் படித்துச் சரிபார்க்காமல் ஒப்புக்கொள்ளும் பழக்கம் இல்லை.

நான் படித்துத் தெரிந்துகொண்டதை என் மனைவி பார்த்தே தெரிந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முறத்தில் நிலக்கடலையைக் கொட்டிக்கொண்டு, மகளின் சீட்டுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். அவள் பிறந்த ஊர் மாட்டு வண்டிப் பந்தயத்துக்குப் பேர்போன ஊர். எல்கையில், அதாவது பந்தயத்தின் திருப்பத்தில், வண்டி திரும்புகிறபோது உள்பக்கத்தை யார் பிடிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் பரிசு என்பது சின்ன வயதிலேயே அவளுக்குத் தெரியும். அதனால் பின்னால் இருந்து, ஹெட்போனைத் தாண்டிக் கேட்கிற குரலில், யோசனை சொல்லிக்கொண்டே இருப்பாள்.

"அந்த நீல வண்டிக்காரன் ஒன்னய ரோட்ட விட்டுத் தள்ளப் பாக்குறான்டி."

"தெரியும்மா."

"தெரிஞ்சா எதுக்கு வழி விடுற? உள்பக்கம் அணைச்சுப் போ."

"பேசுனா கதவச் சாத்திருவேன்."

"சாத்து. நான் உள்ளதான இருக்கேன்."

இப்படி வாராவாரம் பார்த்தவள்தான். ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். அவள் பார்த்ததெல்லாம் காருக்குள்ளே இருந்து தெரிகிற காட்சி. ஸ்டியரிங், அதற்கு மேலே ரோடு, முன்னால் போகும் வண்டிகளின் பின்புறம். மகள் ஓட்டும் வண்டி வெளியிலிருந்து எப்படி இருக்கும், என்ன நிறம் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

அந்த வருடப் போட்டி இந்தியா முழுவதிலும் இருந்து ஆட்கள் சேர்ந்து வீட்டில் இருந்தே ஓட்டுவது. புள்ளிகளில் மேலே வரும் சிலரைச் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் பந்தயத் தடத்துக்கு வரவழைத்து, ஒரு நாள் நிஜமான பந்தயக் காரை ஓட்டச் சொல்வார்கள். அவர்களில் ஒருவருக்கு ஒரு பருவம் முழுக்க நிஜப் பந்தயத்தில் இடம். மகள் இதைச் சொன்னபோது என் மனைவி வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "மொதல்ல ஜெயி, பாக்கலாம்" என்றாள். அந்த "பாக்கலாம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மகள் சித்திரையிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

காதுகுத்து மண்டபத்தில் இரண்டாவது பந்தி எழுந்த நேரம். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். மகள் ஓட்டுகிறாள் என்ற பெருமையில் அவளுடைய சின்ன மாமா பந்தயத்தின் நேரலை இணைப்பைச் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார். அதிலிருந்து யாரோ ஒரு துண்டை மட்டும் வெட்டி, கும்பிடுகிற கைகள் இரண்டை ஒட்டி அனுப்ப, அது நாலைந்து குழுக்களைச் சுற்றிவிட்டு மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. வெளியிலிருந்து எடுத்த காட்சி. டிவியில் காட்டுவதுபோலக் கேமரா வண்டியின் கூடவே திரும்புகிறது. ஒரு வெள்ளைக் கார் வளைவில் வழுக்கி, சுவரில் மோதி, அந்தரத்தில் புரண்டு புரண்டு விழுகிறது. புகை. ஒருவர் ஆங்கிலத்தில் கத்துகிறார். கீழே என் மகளின் பெயர், பக்கத்தில் புதுக்கோட்டை.

ஈரக் கையோடு நான் வந்து அதைப் பார்த்தபோது எனக்கு எல்லாம் தெரியும். மகள் வீட்டில் பலாப்பலகைச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியும். அப்படித் தெரிந்தும் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

என் மனைவி அதற்குள் மகளுக்குப் போன் போட்டிருந்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. பந்தயம் முடியும்வரை மகள் போனை எடுக்க மாட்டாள் என்பதும் அவளுக்குத் தெரிந்ததுதான். மறுபடி போட்டாள். பிறகு எங்கள் குலசாமி கோயில் இருக்கும் திசைக்குத் திரும்பி நின்று, முந்தானையில் ஒரு ரூபாயை வைத்து முடிந்தாள். மண்டபமே கேட்கிற குரலில் சொன்னாள்.

"ஆத்தா, எம்புள்ளய உசுரோட குடு. இனி அவளப் பந்தயக் காரத் தொட விடமாட்டேன்."

முடிச்சு விழுந்த பிறகுதான் மகள் போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டார்கள். அழுதுகொண்டே, "வண்டி உருண்டுருச்சும்மா, எல்லாம் போச்சு" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள்.

"ஒனக்கு என்னடி ஆச்சு?"

"எனக்கா? எனக்கு என்ன? பசிக்குது. தோச ஊத்தப் போறேன்."

மண்டபம் சிரித்த சிரிப்பு சமையல்கட்டு வரைக்கும் போயிருக்கும். என் மச்சினன், "அக்கா, ஆத்தா இவ்வளவு வெரசா எந்தக் கேஸையும் முடிச்சதில்ல" என்றான். என் மனைவியும் சிரித்தாள் என்றுதான் நினைத்தேன். பேருந்தில் திரும்பும்போது பார்த்தேன், முந்தானை முடிச்சை விரலால் நெருடிக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. ஹார்லிக்ஸ், ஆப்பிள், ரொட்டி. அறந்தாங்கியில் இருந்து என் ஒன்றுவிட்ட அக்கா வந்தார். மகள் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு வந்து நின்றாள்.

"எங்கிட்டு அடி?"

"அடியே படலைங்க அத்தை. அது கம்ப்யூட்டர்ல."

"உள்காயமா இருக்கும். வெளிய தெரியாது."

"அத்தை, நான் அந்த வண்டியில இல்ல."

"அப்பறம் யாரு ஓட்டுனா?"

"நான்தான்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துருங்கடா தம்பி" என்றார். தேதியைக்கூட வந்தவர்கள் தப்பாகத்தான் சொன்னார்கள். சனிக்கிழமை நடந்தது என்றார் ஒருவர். நடந்ததே ஞாயிறு என்று சொல்ல வாயெடுத்தேன். நடக்காத ஒன்றுக்கு எந்தக் கிழமை என்று வாதாடுவது?

புரட்டாசி முதல் வாரத்தில் மகளுக்கு மெயில் வந்தது. அந்த ஒரு பந்தயம் போனாலும் மற்றவற்றில் வாங்கிய புள்ளிகளால் தேறிவிட்டாள். ஐப்பசி முதல் சனிக்கிழமை சென்னைக்கு வரவேண்டும், வருகிறேனா இல்லையா என்று ஒரு வாரத்துக்குள் சொல்ல வேண்டும். அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் படித்துக் காட்டினாள். நான் கூடத்தில் இருந்தேன்.

"அதான் நேந்துட்டேனேம்மா" என்றாள் என் மனைவி. கோபமே இல்லாமல் சொன்னாள்.

"நடக்காத ஆக்சிடெண்டுக்கு நேந்துகிட்டா அது கணக்குல வருமா?"

"நடந்துச்சு, நடக்கலைங்கறது ஒனக்கும் எனக்கும்தான். நான் என்ன கேட்டேன்? எம்புள்ளய உசுரோட குடுன்னு கேட்டேன். நீ உசுரோட இருக்க. கேட்டது கெடைச்சுருச்சு."

"நான் வீட்டுல உக்காந்திருந்தேன்மா. எப்படி உசுரு போகும்?"

"வீட்டுல உக்காந்திருந்தவங்க யாரும் போனதில்லையா?"

மகள் கூடத்துக்கு வந்து என் முன்னால் நின்றாள். "அப்பா, நீங்க சொல்லுங்கப்பா." நான் எத்தனையோ படித்திருக்கிறேன். நேர்த்திக்கடன்களைப் பற்றியே படித்திருக்கிறேன். நடக்காததற்கு நேர்ந்துகொண்டவர்களைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். பூசாரியைப் போய்ப் பார்த்தேன். எங்கள் பங்காளி வகையில் மகன் முறை, மினிபஸ்ஸில் கண்டக்டர். வண்டி ஸ்டாண்டில் நின்ற இடைவெளியில் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டார்.

"நேந்தது யாரு?"

"ஒன் சித்திதான்."

"அப்ப மாத்திக் கேக்குறதும் சித்திதான் கேக்கணும். நீங்க வந்து கேட்டா ஆத்தா எதுக்குச் சித்தப்பா ஒங்களுக்குப் பதில் சொல்லணும்?"

"அவ கேக்க மாட்டா. விபத்தே நடக்கலைன்னு நீ எடுத்துச் சொல்லக்கூடாதா?"

"எனக்கே அது என்னன்னு புரியல. இதுல ஆத்தாளுக்கு நான் எப்படி வெளக்குறது?" என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார். வண்டி கிளம்பியது.

மகள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நான் ஒரு பக்கம் சாய்ந்திருப்பேன். அவள் மெயிலுக்குப் பதில் எழுதாமல் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வேலை முடிந்ததும் அந்தச் சென்னைத் தடத்தையே திரையில் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். போட்டி இல்லை, எதிரில் வண்டிகள் இல்லை. வெறும் ரோடு. என் மனைவி வழக்கம்போல முக்காலியைப் போட்டுப் பின்னால் உட்கார்ந்தாள். இது மட்டும் பரவாயில்லையா என்று கேட்டேன். "இது வெளையாட்டு. இதுக்கு நான் நேந்துக்கல" என்றாள். புரண்ட வண்டி இதில்தான் புரண்டது என்பதை நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

அந்த வாரம் முழுக்க அவள் வாய் திறந்து யோசனை எதுவும் சொல்லவில்லை. மகளும் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் என் மனைவி தலைக்குக் குளித்துவிட்டு வந்து, "கோயிலுக்கு வண்டிய எடுங்க" என்றாள்.

கோயிலில் பூசாரி ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து ஆத்தாள் காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் சம்மதம். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள்ளேயே கேட்டாள். வெளியே நின்ற ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். இலையைப் பிரித்தார் பூசாரி. வெள்ளை. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த ரூபாயை உண்டியலில் போட்டாள். எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

திரும்பி வரும் வழியில்தான், ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து என் முதுகிடம் சொன்னாள். "அவ தொடட்டும், அவளுக்குப் பதிலா நான் பாக்குறத விட்டுர்றேன்னு கேட்டேன். ஆத்தா சரின்னுட்டா."

"எதப் பாக்குறத?"

"அவ ஓட்டுறத."

"நிஜக் காரையா?"

"ரெண்டையுந்தான். நெசத்த மட்டும் விட்டா அது என்ன விடுறது? நான் சென்னைக்கா போய்ப் பாக்கப் போறேன்? புடிச்சத விட்டாத்தான் விட்டதா அர்த்தம்."

சாமிக்காகக் காப்பியை விடுவார்கள், மாம்பழத்தை விடுவார்கள், காலில் செருப்பை விடுவார்கள். இது எனக்குத் தோன்றவே இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். மறுபடி எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அவள் மகளின் அறையில் இருந்து முக்காலியை எடுத்து அடுப்படியில் போட்டாள். மகள் காரணம் கேட்டாள். சொன்னாள். மகள் லேப்டாப்புக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு வருகிறேன் என்று மெயில் அனுப்பினாள்.

ஐப்பசி முதல் சனிக்கிழமை. சென்னைக்கு மேற்கே, பந்தயத் தடத்துக்கு மேல் வானம் மூடிக்கொண்டு நின்றது. மகளுக்குத் தீப்பிடிக்காத உடுப்பு மாட்டி, கழுத்துக்கு ஒரு பட்டை கொடுத்து, ஒரே ஆள் படுத்தாற்போல உட்காரும் காரில் இறக்கி வார்களால் இறுக்கிக் கட்டினார்கள். என்னைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். முதல் வண்டி கிளம்பிய சத்தத்தில் என் நெஞ்சு அதிர்ந்தது. வீட்டில் ஒருமுறை ஹெட்போனை வாங்கிக் கேட்ட சத்தம் இதுதான், ஆனால் இது காதுக்கு மட்டும் வருகிற சத்தம் இல்லை.

என் மனைவி போன் செய்தாள். கேட்கலாம், பார்க்கத்தான் கூடாது.

"போயிட்டாளா?"

"போயிட்டா. ஒரு சிவப்பு வண்டி வருது."

"அதா அவ?"

"தெரியலை. எல்லாம் ஒரே ஹெல்மெட்டா இருக்கு."

"ரெண்டாவது வளைவு தாண்டி ஒரு எறக்கம் இருக்கும். அதுல பிரேக்க விட்டுட்டு உள்பக்கம் புடிக்கணும். புடிக்கிறாளா?"

"நான் நிக்கிற எடத்துல இருந்து அது தெரியாது."

"அப்ப தெரியுற எடத்துக்குப் போங்க."

"விட மாட்டாங்க."

அந்தத் தடத்தின் ஒவ்வொரு வளைவும் அவளுக்குத் தெரிந்திருந்தது. மகளின் தோளுக்கு மேலாகப் பார்த்துப் பார்த்துப் படித்திருக்கிறாள். தெரிந்தவள் ஆலங்குடியில் இருந்தாள். தெரியாத நான் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வருகிற வண்டிகளை எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் சுற்றுகளை முடித்துவிட்டு வந்த மகளின் முகம் வெளுத்திருந்தது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள். "ஒவ்வொரு வளைவும் தெரியுதுப்பா. எங்க பிரேக் புடிக்கணும், எங்க விடணும், எல்லாம் தெரியுது. ஆனா அந்த எடம் வர்றதுக்கு முன்னாடியே காலு போய் அமுக்கிருது. நான் சொல்றதக் கேக்க மாட்டேங்குது. வீட்டுல ஒரு தடவகூட இப்படி ஆனதில்ல."

பயமா என்று கேட்டேன். "பயம்னு நெனைக்கல. காலுக்குத்தான் தெரிஞ்சுபோச்சு போல, இது நெசம்னு."

அடுத்த முறை முன்னைவிட நன்றாக ஓட்டினாள் என்று அங்கிருந்த பயிற்சியாளரே சொன்னார். அதற்கு அடுத்ததில் இன்னும் நன்றாக வரும் என்றும் சொன்னார். அடுத்தது வரவில்லை. மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. காரில் உறை போட்டு மூடிவிட்டார்கள்.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு முடிவு வந்தது. சின்ன வயதிலிருந்து கோ-கார்ட் என்கிற சின்னப் பந்தய வண்டி ஓட்டிப் பழகிய ஒரு பையனுக்கு இடம் கிடைத்தது. நியாயமான முடிவுதான். மகள் அழவில்லை. நேராக அடுப்படிக்குப் போனாள்.

"அம்மா, இதோட விட்டுர்றேன். இனி எதையும் ஓட்டப் போறதில்ல. நீ அந்த முக்காலிய எடுத்துட்டு வந்து பழையபடி உக்காரு."

"நீ ஓட்டலைன்னா நான் எதப் பாக்க வந்து உக்கார?"

"அப்ப ஓட்டுறேன். வந்து பாரு."

"பாக்குறதத்தான் குடுத்தாச்சே."

"போய் மறுபடி கேளும்மா. எடம் கெடைக்கல, திருப்பிக் குடுன்னு."

"எடம் கெடைக்கணும்னு நான் கேக்கலையே. நீ தொடணும்னு கேட்டேன். தொட்டுட்ட." அடுப்பைத் தணித்துவிட்டு, "அடுத்த வருசமும் இதே மாதிரி கூப்புடுவாங்கள்ல?" என்றாள்.

"வீட்டுல ஓட்டி ஜெயிச்சாக் கூப்புடுவாங்க."

"அப்ப ஓட்டு. நீ விட்டுட்டா நான் விட்டதுக்கு என்ன அர்த்தம்?"

இருவர் சொன்னதும் சரியாக இருந்தது. பூசாரியிடம் தனியாகக் கேட்டுப் பார்த்தேன். மாற்றிக் கேட்டதை மறுபடி மாற்றிக் கேட்கும் வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

கார்த்திகையில் புதிய போட்டிகள் தொடங்கின. மகள் ஓட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் என்னை அறை வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறாள் என் மனைவி. பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு வண்டிகள் ஒன்றையொன்று தாண்டுவது மட்டும் புரிகிறது. யார் யாரைத் தாண்டினார்கள் என்பது புரிவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. திரையின் மூலையில் இருக்கும் எண்ணைப் படித்துச் சொல்கிறேன்.

போன ஞாயிறு எதிலோ மோதி ஸ்டியரிங் உதறியதில் பலகைச் சட்டம் தடதடத்தது. அடுப்படியில் இருந்து குரல் வந்தது.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கா. ஒம்போதுன்னு போட்டிருக்கு."

"நம்பரக் கேக்கலங்க. மொகம் எப்படி இருக்கு அவளுக்கு?"

நான் எட்டிப் பார்த்தேன். வாசலில் இருந்து அவளுடைய பின்தலையும் ஹெட்போனும்தான் தெரிந்தன. திரையின் வெளிச்சம் காதோரம் விழுந்திருந்தது. முகம் தெரியச் சீட்டின் பக்கமாக உள்ளே நடந்தேன். அடுப்படியில் அவள் காத்திருந்தாள்.